எழுவாய் எங்கே?

பத்திரிகைக் கட்டுரையொன்றைப் படித்து மனம் மாறியவர் எவரேனும் உண்டோ என்று நண்பரொருவர் அண்மையில் என்னைக் கேட்டார். உண்டு, நானே அங்ஙனம் மாறியவன். ஒரு கட்டுரையைப் படித்து என் மனச்சான்று ஒரு வாரம் நிம்மதியாக உறங்கிற்று. உறங்கவைத்தது அக்கட்டுரையிலிருந்த நியாயமன்று. அதன் வாக்கியங்கள் அமைந்திருந்த விதமே. பின்னர் எழுத்தறியாத மூதாட்டியொருவர் கேட்ட கேள்வியால் அது விழித்துக்கொண்டது. நடந்ததை உள்ளவாறே எழுதுகிறேன்.

நான் தோட்டத்து ஆபீசில் கிராணி. ஆங்கிலப் பள்ளியிற் பயின்றவன். தமிழை வீட்டாரிடமும் பத்திரிகைகளிடமும் கற்றவன். மேலிடத்திலிருந்து ஆங்கிலத்தில் வரும் உத்தரவுகளைத் தமிழாக்கி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது என் அலுவல்களுள் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன், தோட்டத்தின் ஒரு பகுதி வீடமைப்புக்காக விற்கப்பட்டபோது (இப்படி எழுதுவதே என் நோய், முதலாளிகள் அதை விற்றபோது என்று திருத்திக்கொள்கிறேன்) அப்பகுதியிலிருந்த பழைய லயத்து வீடுகளைப் பற்றி ஓர் உத்தரவு வந்தது. நான் செய்த தமிழ் வருமாறு: "கீழ்க்கண்ட வீடுகள் மூன்று மாதத்திற்குள் காலி செய்யப்பட வேண்டுமெனத் தீர்மானிக்கப்பட்டுள்ளது."

எழுதி முடித்தபோது எனக்குச் சிறிது கர்வமே உண்டாயிற்று. பிழையில்லை, கடுமொழியில்லை, ஆங்கில மூலத்துக்கு அணுவளவும் விலகவில்லை. ஆயினும், அவ்வீடுகளிற் பிறந்து வளர்ந்தவர்கள் அதைப் படிக்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை நின்றால் வீடும் நின்றது. இது தோட்டத்தில் எல்லோரும் அறிந்த கணக்கு. அறிந்தும் உறுத்தல் போகவில்லை.

அந்த வாரமே ஒரு பத்திரிகையில் இத்தகைய நிலமாற்றங்களைப் பற்றி ஒரு கருத்துரை வெளிவந்தது. பத்திரிகையின் பெயர் வேண்டா. சொற்கள் இன்று நினைவில் இல்லை. ஆனால் வாக்கியங்களின் எலும்புக்கூடு நன்றாக நினைவிருக்கிறது. அதன்மேல் என் சொற்களைப் போர்த்தித் தருகிறேன்: பல்லாண்டுகளாகப் பயனற்றுக் கிடந்த நிலங்கள் இன்று குடும்பங்கள் வாழும் இல்லங்களாக மலர்கின்றன. பழைய குடியிருப்பாளர்க்குச் சிறிது இடர் நேரினும், வளர்ச்சி தடைபடலாகாது. காலத்தோடு மாறவேண்டியவர்களே நாம். இவ்வளவுதான். படித்து முடித்துப் பத்திரிகையை மடித்து வைத்தபோது என் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது போலிருந்தது. உண்மைதானே, மாறத்தானே வேண்டும் என்று எண்ணிக்கொண்டேன்.

அடுத்த வாரம் அம்மூதாட்டி ஆபீசுக்கு வந்தார். நாற்பது ஆண்டு பால் வெட்டியவர். என்னைச் சிறு பிள்ளையாய்க் கண்டவர். பலகையிலிருந்ததைப் பேரன் படித்துச் சொல்லக் கேட்டிருக்கிறார்.

"தம்பி, தீர்மானிச்சிருக்குன்னு எழுதியிருக்காமே. யாரு தீர்மானிச்சது?"

"நிர்வாகம், பாட்டி."

"நிர்வாகம்னா துரையா?"

"துரை இல்லை. மேலே."

"மேலேன்னா யாரு?"

நான் வாய் திறந்தேன், சொல் வரவில்லை. எனக்குத் தெரியாது. கோலாலம்பூர் அலுவலகத்தாரா, அவர்க்கும் மேலான இயக்குநர்களா, நிலத்தை வாங்கியவர்களா? தெரியாததைக் காட்டிலும் பெரிய வியப்பு ஒன்று உண்டு. அந்த அறிவிப்பை எழுதியபோது, எனக்குத் தெரியாதென்பதே எனக்குத் தெரியவில்லை. அந்த வாக்கியம் என்னை அதைக் கேட்கவில்லை. எழுவாயில்லாமலே அது நிறைவுற்று, முற்றுப்புள்ளியும் பெற்று, பலகையேறிவிட்டது.

"சண்டைக்கு வரல தம்பி. யாருன்னு தெரிஞ்சா போய் ஒரு வார்த்தை கேக்கலாம். அதுக்குத்தான்," என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அன்றிரவு, மடித்து வைத்த பத்திரிகையை மீண்டும் எடுத்துப் பென்சிலும் கையுமாக உட்கார்ந்தேன். ஒவ்வொரு வாக்கியத்திடமும் பாட்டியின் கேள்வியையே கேட்டேன்.

முதல் வாக்கியத்தின் முற்று "மலர்கின்றன" என்பது. அக்கூற்றை மறுக்க விரும்புவோன் "மலரவில்லை" என்று மறுக்கலாம். மறுத்தாலும் என்ன? "பயனற்றுக் கிடந்த நிலங்கள் மலரவில்லை" என்றாகும். நிலம் பயனற்றுக் கிடந்தது என்னும் பகுதி சற்றும் அசையாமல் அப்படியே நிற்கும். நம் மொழியிற் பெயரெச்சத்துக்குள்ள ஆற்றல் இது. முற்றுவினையில் வைத்த கூற்று வாதத்துக்கு உட்பட்டது. பெயரெச்சத்தில் வைத்த கூற்றோ, ஏற்கெனவே எல்லோரும் ஒப்புக்கொண்டது போல வாயிற்காவலனைக் கடந்து உள்ளே போய் உட்கார்ந்துவிடும். அந்நிலத்தில் பாட்டி நாற்பது ஆண்டு பால் வெட்டினார். ரப்பர் போய்ச் செம்பனை வந்த பின்னும் லயத்தின் பின்புறத்தில் அவர் வைத்த முருங்கையும் கறிவேப்பிலையும் இருந்தன. "அந்நிலம் பயனற்றுக் கிடந்தது" என்று தனி வாக்கியமாக எழுதியிருந்தால், நானே "பொய்" என்று கூவியிருப்பேன். ஆனால் அதை யாரும் என்னிடம் கூறவில்லையே. கூறியது மலர்ச்சியைப் பற்றி மட்டும்.

இரண்டாம் வாக்கியம் இன்னும் நுட்பமானது. "இடர் நேரினும் வளர்ச்சி தடைபடலாகாது." இதைத் திருப்பிப் பாருங்கள்: "வளர்ச்சி வேண்டுமெனினும் இடர் செய்தலாகாது." இரண்டிலும் உள்ள செய்திகள் அவையே, தீர்ப்பு தலைகீழ். தமிழில் முற்றுவினை வாக்கியத்தின் கடைசியில் நிற்பது. ஆதலின் எது கடைசியில் நிற்கிறதோ அதுவே இலக்கணத்திலும் தலைமை பெறுகிறது, காதிலும் கடைசி ஒலியாகத் தங்குகிறது. ஆங்கிலத்தான் "ஆயினும்" என்னும் பகுதியை வாக்கியத்தின் வாலிலும் வைக்கலாம். அப்போது தலைமை ஓரிடத்தும் எதிரொலி ஓரிடத்துமாய்ப் பிரிந்துபோகும். நமக்கோ இரண்டும் ஓரிடத்தில் வந்து கூடுகின்றன. "உம்" என்னும் ஓர் இடைச்சொல்லால் ஒரு கூட்டத்தாரின் துன்பத்தை "அது கிடக்கட்டும்" என்று ஓரமாய் ஒதுக்கிவிடலாம்.

நாட்டு நடப்பில் ஓர் எடுத்துக்காட்டு. மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 2022 மே மாதத்தில் 1,500 ரிங்கிட்டாயிற்று. 2025 பிப்ரவரி முதல் 1,700 ரிங்கிட். "சம்பளம் உயர்ந்ததெனினும் விலைவாசியும் உயர்ந்துவிட்டது" என்று ஒரு பத்திரிகை எழுதலாம். "விலைவாசி உயர்ந்துவிட்டதெனினும் சம்பளமும் உயர்ந்தது" என்று இன்னொன்று எழுதலாம். இரண்டிலும் பொய்யில்லை. முதலாவதைப் படித்தவன் பெருமூச்சு விடுவான். இரண்டாவதைப் படித்தவன் நன்றி சொல்வான்.

மூன்றாவது, "நாம்". தமிழுக்கு "நாம்" வேறு, "நாங்கள்" வேறு. கேட்பவனையும் உளப்படுத்துவது முன்னது, விலக்குவது பின்னது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். எனவே ஆங்கிலத்தில் எழுதுபவன் எந்த "நாம்" என்று சொல்லாமலே தப்பிக்கொள்ளலாம். தமிழன் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். போதாததற்கு, பத்திராதிபர் தம் ஒருவரையே "நாம்" என்று குறிப்பதும் நம் தலையங்கங்களின் பழைய வழக்கு. ஆகவே ஒரு பத்தியில் ஆசிரியராய் இருக்கும் "நாம்" அடுத்த பத்தியில் வாசகரையும் இழுத்துக்கொண்டு சமூகமாய்ப் பெருத்துவிடும். எந்த இடத்தில் நாம் உள்ளே நுழைந்தோம் என்பதே தெரியாது. "மாறவேண்டியவர்களே நாம்" என்று எழுதியவருக்கு மூன்று மாதத்திற்குள் காலிசெய்ய வீடொன்றும் இல்லை. படித்த எனக்கும் இல்லை. கிராணிகளின் வீடுகள் உத்தரவில் அடங்கவில்லை. மாறவேண்டியவர் பாட்டி ஒருவரே. அவரோ பத்திரிகை படிப்பவரல்லர்.

எழுதியவர் தீயவர் என்று நான் எண்ணவில்லை. என் அறிவிப்பை எழுதியபோது நான் எவ்வளவு தீயவனோ அவ்வளவே அவரும் தீயவராயிருக்கலாம்.

இக்குற்றத்தை ஆங்கிலத்தின் தலையில் ஏற்றிவிடுவது எளிது. "தீர்மானிக்கப்பட்டுள்ளது" என்பது ஆங்கில ஆபீசின் குழந்தை என்பதில் ஐயமில்லை. பேச்சுத் தமிழில் படுவினை அரிது. ஆங்கிலத்திலேயே ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் எழுதிய அரசியலும் மொழியும் பற்றிய கட்டுரையில், செய்வினை பொருந்துமிடத்திற் செயப்பாட்டு வினையைத் தொடவே கூடாதென்று விதி செய்தார். (அக்கட்டுரையிலேயே அவர் அதைத் தாராளமாகத் தொட்டிருக்கிறார். இதைக் கண்டபோது எனக்கு ஆறுதலாயிருந்தது.) ஆனால் தமிழுக்கு ஆளை மறைக்க ஆங்கிலத்தின் உதவி தேவையில்லை. செய்யப்பட்ட பொருளையே செய்தது போலச் சொல்லும் வழக்கைத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் மரபென்றே ஏற்றிருக்கிறார். திண்ணை தன்னைத்தானே மெழுகிக்கொண்டது போலப் பேசும் வழக்கு அது. "முடிவாகிவிட்டது", "சொல்லியாயிற்று", "வழக்கமாய்ப் போயிற்று" என்று நாள்தோறும் பேசுகிறோம். சோறு வெந்தது என்பதில் தீங்கில்லை. யார் வேகவைத்தாரென்று கேட்பவன் வீட்டில் நிம்மதியிராது. தீர்மானம் வெந்தது என்னும்போதுதான் கேட்கவேண்டியிருக்கிறது.

எங்கள் சரித்திரத்தையே இப்படித்தான் படித்திருக்கிறோம். "1938இல் மலாயாத் தோட்டங்களில் ஆண்களின் நாட்கூலி 50 காசிலிருந்து 45 காசாகக் குறைக்கப்பட்டது, அவ்வாண்டே இந்தியாவிலிருந்து உதவிபெற்று வரும் குடியேற்றம் தடை செய்யப்பட்டது." படித்தால் இரண்டும் ஒரே மழையின் இரு துளிகள் போலத் தோன்றும். ஆட்களை உள்ளே வைத்துப் பாருங்கள். தோட்ட முதலாளிகள் கூலியைக் குறைத்தார்கள். இந்திய அரசாங்கம் ஆள் அனுப்புவதைத் தடுத்தது. இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து நின்ற இரு கரங்கள். பாடு வினை இரண்டுக்கும் ஒரே சட்டையை மாட்டிவிட்டது.

இதற்கு நேர்மாறான எழுத்தும் நம் தோட்டங்களில் இருந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் நிகழ்ந்த வேலைநிறுத்தங்களின் தலைவர்களுள் ஒருவரான ஆர். எச். நாதன் "தமிழ் நேசன்" பத்திரிகையிற் பணிபுரிந்தவர். அவரை அரசாங்கம் கைது செய்து நாடு கடத்திற்று. அப்போதைய கோரிக்கைகளுள் ஒன்று, துரைமார் முன்னும் ஆசிய உத்தியோகஸ்தர் முன்னும் தொழிலாளி சைக்கிளை விட்டிறங்காமற் செல்லும் உரிமை. ஆசிய உத்தியோகஸ்தர் என்றால் என் போன்ற கிராணிமாரும் அதில் அடக்கம். யார் இறங்குகிறான், யார் முன் இறங்குகிறான் என்பதெல்லாம் அக்கோரிக்கையில் வெயிலிற் போலத் தெரிகின்றன. மரியாதை காட்டப்படும் வழக்கம் ஒழிக்கப்படவேண்டும் என்று எழுதியிருந்தால் எந்தக் கிராணிக்கும் சுட்டிராது.

வாக்கியம் குறுகியிருந்தால் உண்மை வந்துவிடும் என்பாரும் உளர். 1917இல் "தேசபக்தன்" நடத்தியும் 1920 முதல் "நவசக்தி" நடத்தியும் திரு. வி. க. குறுவாக்கிய நடைக்குப் பேர்பெற்றார். 1925இல் "குடி அரசு" தொடங்கிய பெரியாரோ, மூச்சு வாங்காமல் நீண்டோடும் வாக்கியங்களை எழுதியவர். ஆயினும் அந்நீண்ட வாக்கியங்களில் யார் யாரை என்ன செய்தார் என்பது தொலைவதில்லை. எதிர்க்கட்சியாரின் வாதத்தையும் அவர் உள்ளே வரவழைத்து உட்காரவைத்துப் பேசுவார். பத்திரிகையை ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் சுற்றியிருந்து கேட்ட காலம் அது. கேட்பவன் நடுவில் "யாரு?" என்று குறுக்கிடலாம். தனியே கண்ணாற் படிப்பவனுக்கு அவ்வசதி இல்லை. பாட்டி காதாற் கேட்டவர். ஆகவே கேள்வி கேட்டார். நான் கண்ணாற் படித்தவன்.

இவ்வளவும் கண்டுகொண்ட பெருமிதத்தில் நான் சும்மா இருக்கவில்லை. அப்பத்திரிகைக்கே ஒரு மறுப்பு எழுதி அனுப்பினேன், வெளியிட்டார்கள். அதிலிருந்து ஒரு வாக்கியம்: "ஏழைகளின் உதிரத்தை உறிஞ்சிக் கொழுத்த முதலாளிகள், வாழ வழியற்ற அபலைகளைத் தெருவில் எறியத் துணிந்துவிட்டார்கள், இதைக் கண்டும் வாளாவிருப்பவன் தமிழனா?" செய்வினை, எழுவாய் தெளிவு, சொல்லில் நெருப்பு. நண்பர்கள் கைகுலுக்கினார்கள். பாட்டியின் வீட்டுக்கே சென்று நானே படித்துக் காட்டினேன்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "நான் எப்போ தம்பி வாழ வழியத்துப் போனேன்?" என்றார். "சேமநிதி வாங்கியிருக்கேன். மகன் லாரி ஓட்டறான். பேரனைப் படிக்க வைக்கிறோம். வேற வீடு பார்க்க அவகாசம் கேக்கறேன். அதுக்கு ஏன் என்னை அபலையாக்கிட்டே?"

என் பெயரெச்சம்! பத்திரிகைக்காரர் நிலத்துக்குச் செய்ததை நான் பாட்டிக்குச் செய்திருந்தேன். "எறியத் துணிந்தார்களா இல்லையா" என்று ஊரார் வாதிக்கலாம். அவர் அபலை என்பது இருதரப்பாரும் ஒப்பிய செய்தியாகிவிட்டது. கடைசியிலிருந்த வினாவும் அப்படியே. அத்தோட்டத்துக் குடும்பங்களில் இரண்டு, பட்டணத்தில் மலிவு வீடு வாங்கி, எப்போது போகலாமென்று காத்திருந்தன. "தமிழனா?" என்ற கேள்வி அவர்களையும் அடித்தது. விடை சொல்ல இடமே வைக்காத வினா அது. வினாவின் சட்டையிட்ட உத்தரவு.

பாட்டி அடுத்துக் கேட்டது இன்னும் எளியது. "சரி, முதலாளிங்கன்னு போட்டிருக்கே. அவங்க பேரு என்ன? எங்க இருக்காங்க?"

எழுவாய் இருந்தது, ஆள் இல்லை. "முதலாளிகள்" என்னும் பன்மை, "தீர்மானிக்கப்பட்டுள்ளது" என்பதைக் காட்டிலும் ஒரு முழங்கூட அவரை அருகே கொண்டுசெல்லவில்லை. எனக்குக் கைகுலுக்கல் கிடைத்தது. அவர்க்கு ஒரு முகவரியும் கிடைக்கவில்லை.

மறுநாள் துரையிடம் சென்று கேட்டேன். அவரும் சம்பளக்காரரே, கோபிக்கவில்லை, ஆனால் வியந்தார். அவர்க்கும் தெரியவில்லை. மேலிடத்துக்குக் கடிதம் எழுதச் சொன்னார், எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதியபோது என் கை தானாகவே பழைய தடத்தில் ஓடிற்று. மூன்று முறை கிழித்தேன். கடைசியில் இரண்டே வாக்கியம்: இத்தீர்மானத்தைச் செய்தவர் யார்? மூன்று மாதம் என்பதை நிச்சயித்தவர் யார்?

பதில் வரப் பதினெட்டு நாளாயிற்று. விற்பதைத் தீர்மானித்தவர்கள் இயக்குநர் குழுவினர். வீடுகளைப் பற்றிய பொறுப்பு நிலப் பிரிவின் அதிகாரி ஒருவருடையது. அவர் பெயரும் அறை எண்ணும் கொடுத்திருந்தார்கள். மூன்று மாதத்தைப் பற்றி மட்டும் பதில் விநோதமாயிருந்தது. அதை எவரும் நிச்சயிக்கவில்லையாம். முன்னொரு தோட்டத்துக்கு அனுப்பிய அறிவிப்பைப் பார்த்து அங்குள்ள எழுத்தர் ஒருவர் எடுத்தெழுதியதாம். என்னைப் போன்ற ஒருவர், பெயர் தெரியாது, அவர்மேல் எனக்குக் கோபமும் வரவில்லை.

இரண்டாம் அறிவிப்பை எழுதினேன். "இந்த வீடுகளை விற்ற நிலத்தோடு ஒப்படைக்க இயக்குநர் குழுவினர் தீர்மானித்திருக்கின்றனர். காலி செய்யும் நாளைப் பற்றிப் பேசவேண்டியவர் நிலப் பிரிவின் அதிகாரி. அவரை நேரிற் காணலாம்." கீழே பெயரும் முகவரியும். துரை படித்தார், "இவ்வளவு வெளிப்படையாகவா?" என்றார், சற்று யோசித்துக் கையெழுத்திட்டார். நடையழகு என்று அதில் ஒன்றுமில்லை. முதல் அறிவிப்பைப் பார்த்துப் பெருமைப்பட்டவன், இதை ஒட்டும்போது ஒருமுறை கூடத் திரும்பிப் படிக்கவில்லை.

மாலையில் பாட்டி பேரனோடு பலகையருகே நின்றிருந்தார். பேரன் இருமுறை படித்தான். அதிகாரியின் பெயர் வந்தபோது மறுபடியும் சொல்லச் சொன்னார். தாமும் மெல்லச் சொல்லிப் பார்த்தார். பின்னர் என்னிடம் வந்து, அதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதித் தரச் சொல்லி வாங்கி, நான்காக மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார்.

"பஸ் எத்தனை மணிக்குத் தம்பி?" என்றார்.

ஆறே காலுக்கு என்றேன். திங்கட்கிழமை ஆறு மணிக்கு, சலவைச் சேலையோடு, சாலையோரத்தில் அவர் நின்றிருந்ததை ஆபீசுக்குப் போகும் வழியிற் கண்டேன்.